விடை வைக்காத கட்டம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஒரு மாத இதழின் கடைசிப் பக்கத்தில் கிடைத்தது. கதையாக இல்லை, பொடி எழுத்தில் ஒரு வருத்த அறிவிப்பாக. 'சென்ற இதழில் வெளியான குறுக்கெழுத்துப் புதிரில் மறைவிடை எதுவும் வைக்கப்படவில்லை. தவறான கட்டம் அச்சுக்கு வந்துவிட்டது. விடை அனுப்பிய வாசகர்கள் பொறுத்தருள்க. சதுரம்.' அவ்வளவுதான். அதற்குக் கீழே மூட்டுவலித் தைல விளம்பரம்.

விடை அனுப்பிய வாசகர்களில் நானும் ஒரு ஆள்.

இந்த மாதிரிப் புதிர் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். சாதாரணக் குறுக்கெழுத்தில் கட்டங்களை நிரப்பினால் வேலை முடிந்தது. சதுரம் என்ற பெயரில் எழுதுகிறவரின் புதிரில் நிரப்பிய பிறகுதான் வேலையே தொடங்கும். நிரப்பிய சொற்களுக்குள் இன்னொரு விடை ஒளிந்திருக்கும். அதற்குக் குறிப்பு கிடையாது. ஒரு முறை கட்டத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு சொற்கள்: ஊசி, சீப்பு, சல்லடை, பானை. இரண்டு நாள் வெறித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் பல் தேய்க்கும்போது பிடிபட்டது. ஊசிக்குக் காது உண்டு, சீப்புக்குப் பல், சல்லடைக்குக் கண், பானைக்கு வாய். முகத்தில் மிச்சம் என்ன? மூக்கு. அதுதான் மறைவிடை. அது கட்டத்திலும் இருக்காது, குறிப்புகளிலும் இருக்காது. நாமாகத்தான் போய்ச் சேர வேண்டும்.

அந்தத் தவறான கட்டத்தின் மூலைகளில் இருந்தவை ஏணி, தராசு, காய்ச்சல், விலைவாசி. எல்லாமே ஏற்றமும் இறக்கமும். துள்ளிக் குதித்து 'அலை' என்று எழுதி அனுப்பினேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு உறுதியாக இருந்த சந்தர்ப்பங்கள் குறைவு. அடுத்த மாதம் அந்த மூன்று வரி. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். வைக்காத ஒன்றை நான் எப்படி எடுத்தேன்?

2

எழுத உட்கார்ந்தேன். வரிசையாக மூன்று தொடக்கங்கள் செத்தன. சடலங்களை அப்படியே விட்டுவைக்கிறேன்.

'அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சதுரம் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டபோது' [ஏன் போனார் என்று சொல்லாமல் தொடங்கினால் வாசகர் மழைக்காக என்று நினைத்துக்கொள்வார்.]

'மனித மனம் எங்கும் ஓர் ஒழுங்கைத் தேடிக்கொண்டே' [கட்டுரை வாடை. அடித்துவிட்டேன்.]

'பொய் என்பது' [வேண்டாம்.]

சதுரத்தை நான் பார்த்ததில்லை. வயது, குரல், உயரம் எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் நானே போட்டுக்கொள்ள வேண்டும். முதலில் அவரை ஓய்வுபெற்ற மொழி ஆசிரியர் ஆக்கினேன். எழுதிய கையோடு சலித்துவிட்டது. குறுக்கெழுத்து என்றதும் எல்லாரும் நினைப்பது அந்த ஆளைத்தான். பிறகு ஒரு வங்கியில் உட்காரவைத்தேன், பாவம், தூங்கி வழிந்தார். கடைசியில், எனக்கே கண்ணாடி மாற்றப் போன இடத்தில் ஆள் அகப்பட்டார்.

3

சதுரம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண் பரிசோதிக்கிறவர். ஜன்னல் இல்லாத அறை. ஒரு சுழல் நாற்காலி, எதிரே வெளிச்சம் போட்ட எழுத்துப் பலகை. வருகிறவர் மூக்கில் கனத்த இரும்புச் சட்டத்தை மாட்டி, வட்ட வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகி எடுத்து, இது தெளிவா, இதற்கு முந்தியதா என்று கேட்பது வேலை. அதில் அவருக்கு ஒரு பெயர் உண்டு: பொய்யைப் பிடித்துவிடுவார். கண்ணாடி போடவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் நடுவயதுக்காரர்கள், முந்தைய ஆள் படிக்கும்போதே கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு வந்து கடகடவென்று ஒப்பிப்பார்கள். சதுரம் ஒன்றும் சொல்லாமல் பலகையைத் திருப்பிப் போடுவார். பின்பக்கம் வேறு எழுத்துகள். பார்க்காமல் சொல்கிற 'தெரியுது' எப்படி ஒலிக்கும் என்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

[என் கதைகளை முதலில் படிக்கிற தோழி இங்கே நிறுத்தினாள். பொய் பிடிக்கிறவர் வீட்டிலேயே பொய், அதுதானே வரப்போகிறது, ரொம்ப அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது என்றாள். உண்மைதான். வேறு வேலை தேடிப் பார்த்தேன். அவர் அந்த அறையை விட்டு வர மறுத்துவிட்டார்.]

மனைவிக்கு ஒரு பெரிய மருத்துவமனையில் விசாரணைக் கவுண்டரில் வேலை. எலும்பு டாக்டர் எந்த மாடி, ரத்தம் எங்கே கொடுப்பது, லிஃப்ட் ஏன் வரவில்லை, என் அண்ணனை எங்கே கொண்டுபோனார்கள். விடை தெரியாத கேள்விக்கும் முகம் சுளிக்காமல் ஏதாவது ஒரு திசையைக் காட்ட வேண்டும். வீட்டுக்கு வந்தால் கத்தரிக்கோல் எங்கே, தண்ணீர் வரி கட்டியாயிற்றா, சாயங்காலம் யார் வருகிறார்கள்.

[இன்னொரு குறுக்கீடு. முதல் பிரதியில் சதுரம் 'அவர்' ஆகவும் மனைவி 'அவள்' ஆகவும் இருந்தார்கள். அதே தோழி சிவப்பு மையில் சுழித்துவிட்டு, ஒரே வீட்டில் இவருக்கு மட்டும் எதற்கு மரியாதை என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் 'அவர்' போட்டால் யார் யாரென்று குழம்பும். அதனால் கூடுமானவரை 'சதுரம்', 'மனைவி' என்றே எழுதுகிறேன். கொஞ்சம் விறைப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.]

புதிர் இதழுக்குப் போவதற்கு முன்னால் யாராவது ஒருவர் அதை உதவியில்லாமல் விடுவித்துப் பார்க்க வேண்டும். ஒத்திகை என்பார்கள். போட்டவர் கண்ணுக்கு எல்லாமே சுலபமாகத்தான் தெரியும், வேறு கண் வேண்டும். சதுரத்துக்கு அந்தக் கண் மனைவி. மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேசையைத் துடைத்து, தாளையும் பென்சிலையும் வைத்துவிட்டு, சதுரம் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே இருந்தால் அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அந்த நேரத்தில் யாரும் மனைவியைக் கூப்பிடக் கூடாது. போன் அடித்தால் அடித்து ஓய வேண்டியதுதான்.

அந்த வீட்டில் இன்னொரு சட்டமும் இருந்தது. விடையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சதுரத்தின் அப்பா கூடத்துக் கட்டிலில் இருப்பார். இதழ் அச்சாகி வந்த பிறகு தானே மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும் என்று அவருக்கு வைராக்கியம்; முன்கூட்டியே காதில் விழுந்துவிட்டால் அந்த மாதம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் மனைவி, கண்டுபிடித்ததும் பால்கனிக் கதவைத் தட்டி 'விழுந்துடுச்சு' என்று மட்டும் சொல்வார். தாளைச் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவார். பெரியவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. கட்டிலைக்கூட யாருக்கோ கொடுத்தாயிற்று. சட்டம் மட்டும் தங்கிவிட்டது, அதை எடுக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

4

சதுரம் வேலை செய்கிற விதம் இது. முதலில் கறுப்புக் கட்டங்களை அடுக்கி, கைக்கு வந்த சொற்களைப் போட்டு நிரப்பிப் பார்ப்பார். எல்லாம் இடிக்காமல் உட்கார்ந்தால் சட்டகம் சரி. கை பழகட்டும் என்று அந்தச் சொற்களுக்குக் குறிப்புகளும் எழுதுவார். அப்புறம் மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, மறைவிடையைச் சுமக்கிற சொற்களை வைத்துப் புதிதாகக் கட்டுவார். மற்ற இதழ்களில் வருவது போல, சொல் நேராக உட்காராதபோது குறிப்பில் 'வலமிருந்து இடம்', 'இச்சொல் குழம்பியுள்ளது' என்று போட்டுச் சமாளிக்கிற வேலையெல்லாம் அவரிடம் கிடையாது. அப்படிச் செய்கிறவர்களைப் பற்றி அவர் சொல்வதை அச்சில் போட முடியாது.

அந்த மாதம் கணினியில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று வெறும் சட்டகம், இன்னொன்று மறைவிடை வைத்தது. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றே. பெயர் குழம்பி வெறும் சட்டகத்தை அச்செடுத்து மேசையில் வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார்.

வழக்கமான நேரத்துக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. விழுந்துவிட்டது என்றார் மனைவி. பிறகு, என்றும் இல்லாத வழக்கமாக, "இந்தத் தடவ நல்லா இருக்குங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

சதுரத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் வாங்காத பாராட்டு. அன்று மாலையே அந்தக் கோப்பை இதழுக்கு அனுப்பினார். அடுத்த இதழ் வந்து, கடையில் சாப்பாட்டு இடைவேளையில் பிரித்துப் பார்த்தபோதுதான் மூலையில் ஏணி நிற்பது தெரிந்தது.

5

புதிர்ப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் போன் செய்தார். சதுரம் திட்டு வாங்கத் தயாராகப் போனை எடுத்தார். அந்தப் பெண்ணோ குதூகலமாக இருந்தார். எப்போதும் வருவதைவிட விடைகள் அதிகம் வந்திருக்கின்றனவாம். 'அலை'தான் நிறைய, 'மூச்சு'ம் கணிசம், ஒருவர் மாமியார் கோபம் என்று எழுதியிருக்கிறார், எது சரி என்றார். சதுரம் எதுவும் சரியில்லை, எதுவும் வைக்கவேயில்லை என்று ஒப்புக்கொண்டார்.

அந்தப் பெண் அசரவில்லை. "அப்ப அலைன்னே போட்டுடலாமே சார். யாருக்குத் தெரியப்போகுது?"

வாசகர்களின் விளக்கங்களைச் சதுரம் கடையில் உட்கார்ந்து படித்தார். ஒவ்வொன்றும் கச்சிதமாக இருந்தது. அவரே வைத்திருந்தால்கூட இவ்வளவு அழகாக வந்திருக்காது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. இத்தனை பேருக்கு விழுந்திருக்கிறது என்றால் மனைவிக்கும் உண்மையிலேயே விழுந்திருக்கலாம். அலையோ மூச்சோ கிடைத்து, அதை ரசித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அப்படி இல்லாமலும் இருக்கலாம். இல்லை என்றால், இந்த ஒரு முறைதானா? எப்போதிலிருந்து? போன வருடம் ஒரு புதிரை ஒரு வாசகர்கூட விடுவிக்கவில்லை. அதுவும் மேசையில் விழுந்துவிட்டதாகத்தான் கேள்வி.

அதற்கப்புறம் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையில் 'தெரியுது' என்று சொன்னவர்களை எல்லாம் சந்தேகப்பட்டார். நிஜமாகவே கண் தெரிந்த ஒரு பெண்மணிக்குப் பலகையை இரண்டு தடவை திருப்பிப் போட்டு, விளையாடுறீங்களா என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். வீட்டில் மனைவி துணி மடிப்பதையும் காய் நறுக்குவதையும் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டுவிட ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் கேட்டால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். சந்தேகம் தப்பாக இருந்துவிட்டால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? அலை என்று அச்சில் போட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை. மனைவி அதைப் படிப்பார், இவரும் ஒன்றும் கேட்க மாட்டார், வீடு பழையபடி ஓடும். உண்மையும் ஒருநாளும் தெரியாது.

சதுரம் அலையைப் போடவில்லை. மூன்று வரியில் வருத்தம் எழுதி அனுப்பிவிட்டார். [இது என் கற்பனை இல்லை, அச்சில் இருக்கிறது.] இனி அந்த இதழ் வீட்டுக்கு வரும், மனைவி கையில் கிடைக்கும். அதற்குள் அவரே கேட்டாக வேண்டும்.

6

இந்த இடத்தில் கதை என்னோடு மல்லுக்கு நின்றது. மனைவி என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வடிவத்தில் அவர் 'அலை' என்கிறார், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். [சர்க்கரை தூக்கல்.] இன்னொன்றில் எனக்குப் புதிர் என்றாலே வெறுப்பு என்று வெடிக்கிறார். [வெடிக்கிற ஆள் இல்லை அவர். என் வசதிக்காக வெடிக்க வைத்தேன்.] மூன்றாவதில் அந்த ஒரு மணி நேரமும் யாரோடோ கைபேசியில் [சீ.]

பத்து நாள் கதையைத் தொடவில்லை. பிறகு என் சித்தப்பாவுக்கு ஸ்கேன் எடுக்க ஒரு மருத்துவமனைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் ஸ்கேன் எங்கே என்று கேட்டேன். நிமிராமலே வலது பக்கம் கையைக் காட்டினார். எரிச்சலோடு திரும்பினால் எனக்குப் பின்னால் ஒரு கூட்டம், ஒவ்வொரு வாயிலும் ஒரு கேள்வி. சித்தப்பாவை உள்ளே அனுப்பிவிட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை வரிசை கொஞ்சம் ஓய்ந்தது. அவர் கைகள் இரண்டையும் மேசை மேல் வைத்துக்கொண்டு எதையும் பார்க்காமல் இருந்தார். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. அப்புறம் ஒருவர் வந்து கழிப்பறை எங்கே என்றார்.

வீட்டுக்கு வந்து எழுதினேன்.

7

ஞாயிறு மதியம். மேசை துடைத்தாயிற்று. புதுத் தாள், பக்கத்தில் பென்சில். மனைவி வந்து உட்கார்ந்தார். சதுரம் பால்கனிக் கதவு வரைக்கும் போய் அங்கேயே நின்றார்.

"போகலையா?" என்றார் மனைவி.

"நல்லா இருக்குன்னு சொன்னியே ஒண்ணு. அதுல உனக்கு என்ன விழுந்துச்சு?"

"எதுக்கு இப்ப?"

"அதுல நான் ஒண்ணுமே வைக்கல. தப்பான தாளக் குடுத்துட்டேன்."

மனைவி பென்சிலை எடுத்து மறுபடி வைத்தார். சதுரம் மனதுக்குள் வேண்டிக்கொண்டார். அலை என்று சொல்லட்டும். மூச்சு என்றாலும் சரி. மாமியார் கோபம் என்றால்கூட நம்பிவிடத் தயாராக இருந்தார்.

"நான் பாக்கலைங்க."

"அன்னிக்கா?"

"மாமா போனதுலேர்ந்தே."

சதுரம் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனைவியின் குரலில் அழுகை இல்லை. கவுண்டரில் வழி சொல்கிற அதே நிதானத்தில் சொன்னார்.

"அங்க நாள் பூரா கேள்வி. வீட்டுக்கு வந்தா நீங்க நம்பர் போட்டு வரிசையா கேள்வி எழுதி வைக்கிறீங்க. மாமா இருந்தவரைக்கும் போட்டேன். எனக்கும் பிடிச்சுதான் இருந்துச்சு, அது பொய் இல்ல. அப்புறம் ஒரு நாள் தாள எடுத்தேன், எழுதவே தோணல. சும்மா உக்காந்திருந்தேன். ஒருத்தரும் என்னை ஒண்ணும் கேக்கல. விடை வரலன்னு சொன்னா நீங்க வேற ஆளப் பாப்பீங்க. இந்த ஒரு மணி நேரம் போயிடும். அதான்."

சதுரத்துக்கு வலித்தது. எத்தனையோ புதிர்கள் யாரும் பார்க்காமலே போயிருக்கின்றன என்பது ஒரு வலி. வீட்டில் ஒரு மனுஷி சும்மா உட்கார இப்படி ஒரு நாடகம் ஆட வேண்டியிருந்தது என்பது அதைவிடப் பெரிய வலி. இரண்டில் எதைப் பேசுவது என்று தெரியாமல், அற்பமானதைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நல்லா இருக்குன்னு ஏன் சொன்ன?"

"நல்லாத்தாங்க இருந்துச்சு. அன்னிக்கு ஜன்னல் வழியா நல்ல காத்து."

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று கிளம்பாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். மனைவி தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா? கதவுக்கு அந்தப் பக்கம் இவ்வளவு நேரம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

சதுரம் யோசிக்காமல் சொல்லிவிட்டார். "பென்சில் சத்தத்தக் கேட்டுட்டு இருப்பேன். கதவு மெல்லிசுதானே. நீ எந்த இடத்துல நிக்கிற, எங்க ஓடுற, எல்லாம் கேக்கும்."

மனைவி அவரையே பார்த்தார்.

"மாமா போனப்புறமும் கேட்டுச்சா?"

8

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

'ஆமாம்' என்று அவரைச் சொல்லவைத்துப் பார்த்தேன். அது பொய், ஏனென்றால் பென்சில் ஓடவே இல்லை. மனைவிக்கும் அது பொய் என்று தெரியும். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பொய் என்று கணக்கு நேராகி, மேசையை விட்டு எழுந்துவிடுவார்கள். குடும்பம் நடத்த அது போதும். எழுதி முடித்ததும் எனக்கு வாயில் கசந்தது.

'இல்லை' என்று சொல்லவைத்தேன். அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. சத்தமில்லாத அந்த மணி நேரத்தை மாதாமாதம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார், கதவு தட்டியதும் சரி என்று தலையாட்டியிருக்கிறார், அடுத்த மாதம் மறுபடி மேசையைத் துடைத்திருக்கிறார். அது மனைவியின் மேல் இருந்த அன்பா, கேட்டுவிடப் பயமா, தன் புதிர் நன்றாக இருக்கிறது என்று நம்ப ஆசையா? ஐந்தாம் பகுதியில் நான் எழுதிய தவிப்பை என்ன செய்வது? ஒரு மனிதர் தெரிந்துகொண்டே தெரியாமல் இருக்க முடியும் என்று நம்பினால் அதை அப்படியே விடலாம். நான் ஒரு நாள் நம்புகிறேன், ஒரு நாள் நம்பவில்லை.

தோழியிடம் கேட்டேன். நீதானே எழுதுகிறாய், நீயே முடிவு செய் என்றாள். அந்த இதழுக்கு எழுதிக் கேட்கலாம் என்று நினைத்தேன், நிஜமான சதுரத்துக்கு மனைவியே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே உங்களிடம் விட்டுவிடுகிறேன். பாதிக் கதையில் கைகழுவுகிறேன் என்று திட்டினாலும் சரி.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நாள் பூரா பதில் சொல்கிற ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை ரொம்ப நேரம் காக்கவைக்காதீர்கள்.